பொம்மசந்திராவில் வீடு விற்க: பெயிண்டுக்கு முன்னால் பத்திரம்

பொம்மசந்திராவின் வீட்டுச் சந்தையை 2025 ஆகஸ்ட் இரண்டு முறை அசைத்தது. 10-ஆம் தேதி பெங்களூரின் நம்ம மெட்ரோவில் மஞ்சள் தடம் திறக்கப்பட்டது. ஆர்.வி. ரோட்டில் தொடங்கி 16 நிலையங்கள், 19.15 கிலோமீட்டர் கடந்து அது வந்து நிற்கிற ஊர் பொம்மசந்திரா. 31-ஆம் தேதி கர்நாடக அரசு பத்திரப் பதிவுக் கட்டணத்தை 1 சதவீதத்திலிருந்து 2 சதவீதமாக உயர்த்தியது. மெட்ரோ, விற்பவருக்குத் தெம்பு கொடுத்தது. கட்டண உயர்வு, வாங்குபவரை மறுபடி கணக்குப் போட வைத்தது. இப்போது இங்கே எந்த வீட்டுக்குப் பேரம் நடந்தாலும் இந்த இரண்டும் பேச்சில் வந்துவிடுகின்றன.

ஒசூர் சாலையில், எலக்ட்ரானிக் சிட்டிக்குத் தெற்கே, ஆனேக்கல் வட்டத்தில் இருக்கிறது இந்த ஊர். கர்நாடகத் தொழிற்பகுதி வளர்ச்சி வாரியம் உருவாக்கிய தொழிற்பேட்டையைச் சுற்றி வளர்ந்தது. பயோகான் நிறுவனத்தின் வளாகம் இருப்பது இங்கேதான். நாராயணா ஹெல்த் சிட்டி மருத்துவமனை வளாகமும் இங்கேதான். ஒரு பக்கம் ஜிகணி, இன்னொரு பக்கம் ஹெப்பகோடி, தெற்கே சந்தாபுரா, அதைத் தாண்டினால் அத்திப்பள்ளி எல்லை, பிறகு ஒசூர். கிருஷ்ணகிரி, தருமபுரி, சேலம் பக்கத்திலிருந்து வேலைக்கு வந்து இங்கேயே இருபது முப்பது வருடம் தங்கி, ஒரு மனை வாங்கி, அதில் மாடி மேல் மாடி கட்டியவர்கள் நிறையப் பேர். பிள்ளைகள் வேறு ஊருக்கோ வேறு நாட்டுக்கோ போன பிறகு அந்த வீடுகள்தான் ஒவ்வொன்றாக விற்பனைக்கு வருகின்றன.

வாங்க வருகிறவர்கள் மூன்று வகை. மருத்துவமனைகளிலும் எலக்ட்ரானிக் சிட்டி கம்பெனிகளிலும் வேலை பார்த்துக்கொண்டு, வாடகைக்குப் பதில் கடன் தவணை கட்டலாம் என்று நினைக்கும் இளம் குடும்பங்கள் முதல் வகை. இவர்கள் தேடுவது பெரும்பாலும் இரண்டு படுக்கையறை அடுக்ககம். தொழிற்சாலை ஷிஃப்ட் ஆட்களுக்கு வாடகைக்கு விட்டு மாத வருமானம் பார்க்க நினைப்பவர்கள் இரண்டாவது வகை. நாலைந்து குடித்தனம் உள்ள தனிக் கட்டடத்தை இவர்கள்தான் வாங்குவார்கள். மூன்றாவது வகை, ஒசூரிலும் விசாரித்துவிட்டு இங்கேயும் வந்து ஒப்பிட்டுப் பார்க்கிற தமிழ்க் குடும்பங்கள். ஒசூரில் இடம் மலிவாக இருக்கலாம். ஆனால் தமிழ்நாட்டில் முத்திரைத் தீர்வையும் பதிவுக் கட்டணமும் சேர்ந்து 9 சதவீதம். இங்கே உயர்வுக்குப் பிறகும் நகரப் பகுதியில் 7.6 சதவீதம்தான். இந்த வித்தியாசத்தை எடுத்துச் சொல்லத் தெரிந்த விற்பனையாளருக்குப் பேரத்தில் ஒரு பிடி கிடைக்கும்.

மெட்ரோவால் விலை ஏறியதா என்று எல்லோரும் கேட்கிறார்கள். தடம் திறந்த அன்று ஏறியதைவிட, வரப்போகிறது என்ற பேச்சில் வருடக்கணக்காக ஏறியதே அதிகம். ஆகவே திறப்பு விழாவைக் காட்டி இன்னொரு முறை விலையை உயர்த்திக் கேட்டால் ஆள் வருவதில்லை. தொடக்கத்தில் கையில் மூன்றே ரயில்கள்தான் இருந்தன. 25 நிமிடத்துக்கு ஒரு வண்டி. ரயில்கள் வர வர அந்த இடைவெளி குறைந்தது. விலையில் உண்மையாகவே வேலை செய்வது நிலையத்துக்கான நடைதூரம். தெருவில் நடைபாதை இருக்கிறதா, இரவு ஷிஃப்ட் முடிந்து வரும் ஒரு செவிலியர் அந்த வழியில் தனியாக நடந்து வர முடியுமா என்பதை வாங்குபவர்கள் நேரில் நடந்தே பார்க்கிறார்கள். ஒசூர் வரை தடத்தை நீட்டும் பேச்சும் அடிக்கடி வரும். பெங்களூர் மெட்ரோ 750 வோல்ட் மூன்றாம் தண்டவாள மின்சாரத்தில் ஓடுகிறது. ஒசூர்ப் பக்கத்துக்குச் சென்னை மெட்ரோ நிறுவனம் முன்வைத்தது 25,000 வோல்ட் மேல்கம்பி முறை. இந்த முரண்பாடே ஒரு தடையாக நிற்கிறது. நடக்காத ஒன்றை நம்பி விலை சொல்வது வீட்டை மாதக்கணக்கில் சந்தையில் தேங்க வைக்கும்.

இனி வீட்டைத் தயார் செய்வது. பெரும்பாலோர் இதைப் பெயிண்டரிடமிருந்து தொடங்குகிறார்கள். பொம்மசந்திராவைப் பொறுத்தவரை அது தலைகீழ் வரிசை. இங்கே பேரம் முறிவது சுவரில் ஈரம் தெரிந்ததால் அல்ல, காகிதத்தில் ஓட்டை தெரிந்ததால். அட்வான்ஸ் வாங்கி, இனிப்புக் கொடுத்து, வங்கி வக்கீல் கையில் கோப்பு போன பிறகு நின்றுபோன விற்பனைகளைப் பற்றி இந்தப் பக்கத்துத் தரகர் யாரைக் கேட்டாலும் சொல்வார். ஆகவே விளம்பரம் போடுவதற்கு மூன்று மாதம் முன்பே கோப்பை எடுத்து மேஜையில் வைப்பது நல்லது.

முதலில் கத்தா. வீட்டு வரிப் பதிவேட்டில் சொத்து யார் பெயரில் இருக்கிறது என்பதற்கான சான்று அது. பொம்மசந்திரா பெருநகர எல்லைக்குள் வரவில்லை. 2025 செப்டம்பர் 2-ஆம் தேதி பெங்களூர் ஐந்து மாநகராட்சிகளாகப் பிரிந்தபோதும் இந்த ஊர் தனி நகராட்சியாக, உள்ளூர்ப் பேச்சில் சொன்னால் புரசபையாக, வெளியேதான் இருந்தது. நகராட்சி ஆவதற்கு முன் இது பஞ்சாயத்து. பஞ்சாயத்துக் காலத்தில் வாங்கியவர்களிடம் 9, 11 என்ற படிவங்கள் இருக்கும். சுற்றியுள்ள கிராமங்களில் இன்றும் அவைதான், இ-ஸ்வத்து மென்பொருளில். புரசபை எல்லைக்குள் வந்துவிட்ட வீட்டுக்கோ இ-ஆஸ்தி முறையில் மின்கத்தா வேண்டும். அது இல்லாமல் காவேரி 2.0 என்ற பதிவு மென்பொருளில் விற்பனை நகராது. பழைய படிவத்தின் நகல் மட்டும் போதும் என்று நினைத்துக்கொண்டிருப்பவர்கள் கடைசி வாரத்தில் அலைய நேர்கிறது.

கத்தாவில் ஏ, பி என்ற பிரிவு வாங்குபவர்களின் எண்ணிக்கையையே தீர்மானிக்கும். முறையான லேஅவுட் அனுமதி, நிலப் பயன்பாட்டு மாற்றம் எல்லாம் சரியாக இருந்தால் ஏ. விவசாய நிலத்தைத் துண்டு போட்டு விற்ற, இங்கே ரெவின்யூ சைட் என்று சொல்லப்படும் மனையில் கட்டியிருந்தால் பி. 2024 செப்டம்பர் 10-ஆம் தேதிக்கு முன் பதிவான அப்படிப்பட்ட சொத்துகளுக்கு ஒருமுறை பி கத்தா கொடுக்க 2025-இல் அரசு வழி செய்தது. அதனால் பலருக்கு ஒரு காகிதமாவது கிடைத்தது. ஆனாலும் பல வங்கிகள் பி கத்தா வீட்டுக்குக் கடன் தரத் தயங்குகின்றன. கடன் வாங்காமல் முழுப் பணத்தையும் கையில் வைத்திருக்கிற ஆள் கிடைக்க வேண்டும். அப்படிப்பட்டவர் விலையைக் குறைத்துத்தான் கேட்பார். விற்பவர் இதை முன்பே உணர்ந்து விலை சொன்னால் மனக்கசப்பு மிஞ்சாது.

பெயர்ப் பொருத்தம் தமிழர்களுக்கென்றே உள்ள தலைவலி. பத்திரத்தில் தலைப்பெழுத்தோடு பெயர், ஆதாரில் தலைப்பெழுத்து விரிந்து அப்பா பெயர் பின்னால், பான் அட்டையில் இரண்டும் இல்லாமல் வேறொரு எழுத்துக்கூட்டல். கன்னடத்தில் எழுதும்போது இன்னொரு மாற்றம். மின்கத்தா முறை ஆதாரோடு ஒப்பிட்டுப் பார்ப்பதால், பத்து வருடம் முன் யாரும் கவனிக்காத இந்த வேறுபாடுகள் இப்போது வழியை மறிக்கின்றன. எல்லாம் ஒரே ஆளுக்கு உரியவை என்ற உறுதிமொழிப் பத்திரம் எழுதி, தேவையான இடத்தில் ஆதாரைத் திருத்தி, பிறகு விண்ணப்பிப்பதுதான் வழி.

அடுத்தது தாய்ப்பத்திரமும் வில்லங்கச் சான்றும். இங்கே எல்லோரும் இ.சி. என்றே சொல்வார்கள். 30 வருடத்துக்கு எடுத்து வைப்பது வழக்கம். காவேரி இணையதளத்திலேயே விண்ணப்பிக்கலாம். அதில் பழைய வீட்டுக் கடனின் அடமானப் பதிவு நிற்கிறதா என்று முதலில் பார்க்க வேண்டும். கடனை அடைத்து வருடங்கள் ஆகியிருக்கும். வங்கியிலிருந்து கடிதமும் வாங்கியிருப்பார்கள். ஆனால் சார் பதிவாளர் அலுவலகத்தில் அடமான ரத்தைப் பதிவு செய்யாமல் விட்டிருப்பார்கள். இ.சி.யில் அந்த வரி இருக்கும்வரை வாங்குபவரின் வங்கி கையெழுத்துப் போடாது. கடன் இன்னும் நடந்துகொண்டிருந்தால், மீதித் தொகை எவ்வளவு, தங்களிடம் என்னென்ன அசல் ஆவணங்கள் உள்ளன என்று வங்கியிடம் எழுத்தில் வாங்கி வைக்க வேண்டும். கடன் முழுவதும் அடைந்த 30 நாளுக்குள் அசல் பத்திரங்களைத் திருப்பித் தர வேண்டும், தாமதித்தால் நாளொன்றுக்கு 5,000 ரூபாய் ஈடு தர வேண்டும் என்ற ரிசர்வ் வங்கி விதி 2023 டிசம்பர் முதல் நடப்பில் இருக்கிறது. இது தெரிந்தவர்கள் குறைவு. தெரிந்து கேட்டவர்களுக்கு வேலை சீக்கிரம் நடக்கிறது.

நிலத்தின் பூர்வீகமும் ஆராயப்படும். ஆனேக்கல் வட்டத்தில் இதற்குத் தனி முக்கியத்துவம் உண்டு. பட்டியல் சாதியினருக்கும் பழங்குடியினருக்கும் அரசு வழங்கிய நிலத்தை முன் அனுமதியின்றி விற்றிருந்தால், அது பழைய உரிமையாளர் குடும்பத்துக்கே திரும்பும் என்கிறது கர்நாடகத்தின் 1978-ஆம் ஆண்டுச் சட்டம். அப்படிக் கோருவதற்குக் காலவரம்பு இல்லை என்று 2023-இல் திருத்தமும் வந்துவிட்டது. நிலத்தை இழந்தவர்களுக்கு நீதி செய்யும் சட்டம் அது. நடுவில் நாலு கை மாறி வாங்கிய ஆளிடமும் அதன் கேள்வி வந்து நிற்கும். அதனால்தான் வக்கீல்கள் பத்திரத்தைவிட, பஹணி எனப்படும் பழைய நிலப் பதிவேட்டையும் பெயர் மாற்றத்தைக் காட்டும் மியூட்டேஷன் தாள்களையும் அதிக நேரம் பார்க்கிறார்கள்.

அப்பா பெயரில் இருந்த வீடு என்றால் வம்சவிருட்சம் எனப்படும் குடும்ப வாரிசுச் சான்று தேவை. அதிலுள்ள எல்லோரும் கையெழுத்திட வேண்டும். திருமணமாகிப் போன பெண்களும்தான். மகள்களுக்குப் பூர்வீகச் சொத்தில் பிறப்பாலேயே சம பங்கு உண்டு என்பதை 2005-ஆம் ஆண்டுத் திருத்தமும் 2020-இல் உச்ச நீதிமன்றத் தீர்ப்பும் உறுதி செய்துவிட்டன. சேலத்தில் இருக்கிற அக்காவுக்கு விற்பனை பேசி முடித்த பிறகு தகவல் சொல்வது உறவையும் கெடுக்கும், பதிவையும் நிறுத்தும். அவருக்கு என்ன பங்கு என்பதை முதலிலேயே உட்கார்ந்து பேசி, பதிவு நாளன்று வர இயலாதென்றால் முறையாகப் பவர் எழுதி வாங்கிக்கொள்வதே சரியான வழி.

அடுக்ககமாக இருந்தால் குடியிருப்புச் சான்று, அதாவது ஓ.சி., வேண்டும். அது இல்லாத கட்டடங்களுக்கு மின், குடிநீர் இணைப்பு தரக்கூடாது என்று 2024 டிசம்பர் 17-ஆம் தேதி உச்ச நீதிமன்றம் சொன்ன பிறகு, வாங்குபவர்கள் முதல் போனிலேயே இதைக் கேட்கிறார்கள். பிரிபடாத நிலப் பங்கு எத்தனை சதுர அடி என்பதையும் பத்திரத்திலிருந்து எடுத்துச் சொல்லத் தயாராக இருக்க வேண்டும். நாலு மாடிப் பழைய கட்டடத்தில் ஒரு வீட்டுக்கு வரும் நிலம், உயரமான புதுக் கட்டடத்தில் வருவதைவிடப் பெரும்பாலும் அதிகம். பழைய வீட்டுக்காரரின் வலுவான வாதம் இது. பராமரிப்புப் பாக்கி இல்லை என்ற சங்கக் கடிதம், கடைசி வருடம் வரை வீட்டு வரி ரசீது, பெஸ்காம் மின் ரசீது ஆகியவையும் கோப்பில் சேர வேண்டும்.

குடியிருப்பவர்களைப் பற்றியும் பேச வேண்டும். மாத வாடகை ஆள் என்றால் இரண்டு மாத அவகாசம் கொடுத்து எழுத்தில் சொன்னால் போதும். போக்கியம் வேறு. மொத்தமாகப் பல லட்சம் கொடுத்து வாடகையில்லாமல் குடியிருப்பவர் அந்தப் பணம் கைக்கு வராமல் சாவியைத் தரமாட்டார். தரவும் கூடாது, அது அவருடைய சேமிப்பு. வாங்குபவரிடமிருந்து வரும் முன்பணத்திலிருந்தே அதை அடைக்க வேண்டியிருந்தால், ஒப்பந்தத்திலேயே தொகையையும் தேதியையும் எழுதிவிடுவது மூவருக்கும் பாதுகாப்பு. வாடகை வருமானத்துக்காக வாங்குபவர் என்றால் ஆட்களைக் காலி செய்ய வேண்டியதே இல்லை. யார் எவ்வளவு டெபாசிட் கொடுத்திருக்கிறார் என்ற பட்டியலும் ஒப்பந்த நகல்களும் அவருக்கு வீட்டைவிட முக்கியம்.

இவ்வளவும் கைக்கு வந்த பிறகு வீட்டைக் கவனிக்கலாம். மொட்டைமாடி நீர்க்கசிவுதான் முதல் வேலை. மழைக்காலத்துக்கு முன் பூச்சு வேலை முடித்து, ஒரு மழை பார்த்து, அதன் பிறகே உள்சுவருக்குப் பெயிண்ட். ஈரத்தின் மேல் அடித்த பெயிண்ட் இரண்டாவது மாதம் கொப்புளித்துக் காட்டிக்கொடுத்துவிடும். போர்வெல் தண்ணீரின் உப்புக்கறை குழாய்களிலும் குளியலறை ஓடுகளிலும் படிந்திருக்கும். அதைத் துடைத்தாலே வீடு ஐந்து வயது குறைந்து தெரியும். முழு சமையலறையையும் மாற்றுவது வீண் செலவு, வாங்குபவர் தன் விருப்பத்துக்குத்தான் செய்வார். எரியாத விளக்கு, ஒழுகும் குழாய், சரியாகச் சாத்தாத கதவு இவற்றைச் சரிசெய்வது மலிவு, பலன் அதிகம். பூஜை அறையிலிருந்து பீரோ வரை சாமான்களைக் குறைத்துவிட்டால் அறை பெரிதாகத் தெரியும். வாசல் எந்தத் திசை என்பதைக் கன்னடர், தெலுங்கர், தமிழர் எல்லோருமே கேட்பார்கள். தெற்கு வாசல் என்றால் அதையும் விளம்பரத்திலேயே சொல்லிவிடுவது இரு தரப்புக்கும் நேரம் மிச்சம்.

தண்ணீரைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். 2024 கோடையில் பெங்களூர் முழுவதும் போர்வெல்கள் வற்றிய நினைவு யாருக்கும் போகவில்லை. போர்வெல் எத்தனை அடி, கோடையில் டேங்கர் எத்தனை நாளைக்கு ஒருமுறை, சம்ப் எனப்படும் நிலத்தடித் தொட்டியின் கொள்ளளவு என்ன என்ற கேள்விகளுக்கு ரசீதோடு பதில் சொல்கிற வீடு சீக்கிரம் போகும். தொழிற்பேட்டையை ஒட்டிய தெருக்களில் சில இரவுகளில் வாடை வருவதோ, லாரிச் சத்தமோ இருந்தால் மறைக்கக் கூடாது. வாங்குபவர் சாதாரணமாகப் பார்த்துக் கண்டுபிடிக்க முடியாத முக்கியக் குறைகளை விற்பவர் தெரிவித்தாக வேண்டும் என்பது 1882-ஆம் ஆண்டு சொத்து மாற்றுச் சட்டத்தின் 55-ஆம் பிரிவு. சட்டம் ஒருபுறம் இருக்க, ஆயுள் சேமிப்பைக் கொட்டி வருகிற குடும்பத்துக்கு இந்த உண்மையைச் சொல்வது குறைந்தபட்ச மரியாதை.

விலை வைக்கும்போது இணைய விளம்பரங்களில் இருக்கிற தொகையை நம்பக் கூடாது. அவை கேட்கிற விலைகள், முடிந்த விலைகள் அல்ல. அதே கட்டடத்தில், அதே தெருவில் கடந்த ஆறு மாதத்தில் பதிவான விற்பனைகளை விசாரிப்பதே நம்பகமானது. அரசின் வழிகாட்டி மதிப்பையும் காவேரி தளத்தில் பார்த்துக்கொள்ள வேண்டும். 2023 அக்டோபரில் அது கணிசமாக ஏற்றப்பட்டது. வாங்குபவரின் செலவு இப்படி வரும். 60 லட்ச ரூபாய் அடுக்ககம் என்றால் முத்திரைத் தீர்வை 5 சதவீதம், 3 லட்சம். அதன் மேல் 10 சதவீத செஸ் 30,000, 2 சதவீத சர்சார்ஜ் 6,000. பதிவுக் கட்டணம் 1,20,000. மொத்தம் 4,56,000 ரூபாய். 2025 ஆகஸ்ட் 31-க்கு முன் இதே வீட்டுக்கு 3,96,000 ஆகியிருக்கும். அந்த 60,000 ரூபாயை விலையில் குறைக்கச் சொல்லி வாங்குபவர் கேட்பார் என்று எதிர்பார்த்தே விலையை யோசிக்க வேண்டும். மறுபக்கம், கட்டுமானத்தில் உள்ள புது வீட்டுக்கு ஜி.எஸ்.டி. உண்டு, மறுவிற்பனைக்கு இல்லை என்பது விற்பவருக்குச் சாதகம்.

பத்திரத்தில் விலையைக் குறைத்துக் காட்டி மீதியை ரொக்கமாக வாங்கும் பழக்கம் இங்கேயும் உண்டு. அதில் அடி வாங்குவது பெரும்பாலும் விற்பவர்தான். சொத்து விற்பனைக்காக 20,000 ரூபாயோ அதற்கு மேலோ ரொக்கமாக வாங்கினால், வாங்கிய தொகை அளவுக்கே அபராதம் வரலாம். பத்திர விலை வழிகாட்டி மதிப்பைவிட 10 சதவீதத்துக்கு மேல் குறைந்திருந்தால், மூலதன ஆதாய வரி வழிகாட்டி மதிப்பின் பேரில்தான் கணக்கிடப்படும்.

காலமும் பார்க்க வேண்டும். கன்னடர்களின் ஆஷாட மாதம் பொதுவாக ஜூன் கடைசியில் தொடங்கி ஜூலை கடைசிவரை; தமிழர்களின் ஆடி ஜூலை நடுவிலிருந்து ஆகஸ்ட் நடுவரை. இரண்டு மொழிக்காரர்களும் வாழும் இந்த ஊரில் அந்த ஏழு வாரமும் பதிவு மந்தம்தான். மகாளய பட்சமும் மார்கழியும் அப்படியே. இந்த மாதங்களைக் காகித வேலைக்கும் கசிவு வேலைக்கும் வைத்துக்கொண்டு, ஆவணி, ஐப்பசி, தை மாதங்களில் வீட்டைக் காட்டத் தொடங்குவது பொருத்தம்.

ஆள் கிடைத்ததும் விற்பனை ஒப்பந்தம். முன்பணம் பெரும்பாலும் பத்து சதவீதம், வங்கி வழியாக. பதிவுக்கு இரண்டு மூன்று மாத அவகாசம். வாங்குபவருக்குக் கடன் கிடைக்காவிட்டால் முன்பணம் என்ன ஆகும் என்பதையும் எழுத வேண்டும். 50 லட்சமும் அதற்கு மேலும் உள்ள விற்பனையில் வாங்குபவர் 1 சதவீதத்தை வரியாகப் பிடித்துக் கட்டுவார். விற்பவர் வெளிநாட்டில் குடியிருந்தால் பிடித்தம் பல மடங்கு அதிகம். குறைந்த விகிதத்தில் பிடிக்க வருமான வரித் துறையின் சான்றை முன்கூட்டியே வாங்கிவிட்டால் பணம் முடங்காது.

பதிவு முடிந்த பின் கத்தா, மின் இணைப்பு, சங்க உறுப்பினர் பெயர் மாற்றங்களுக்குக் கையெழுத்துக் கொடுத்து, சாவியையும் வாடகை டெபாசிட்டுகளையும் ஒப்படைத்து, ஒப்புகை வாங்கிக்கொள்ள வேண்டும். விற்பவருக்கு மிஞ்சுவது மூலதன ஆதாய வரி. இரண்டு வருடத்துக்கு மேல் வைத்திருந்த வீட்டுக்கு 12.5 சதவீதம். 2024 ஜூலை 23-க்கு முன் வாங்கிய வீடாக இருந்தால், இந்தியாவில் குடியிருப்பவர் பணவீக்கச் சரிக்கட்டலோடு 20 சதவீதம் என்ற கணக்கையும் போட்டுப் பார்த்து எது குறைவோ அதைக் கட்டலாம். ஆதாயத்தை இன்னொரு வீட்டில் போட விற்பனைக்கு முந்தைய ஒரு வருடமும் பிந்தைய இரண்டு வருடமும், கட்டுவதாக இருந்தால் மூன்று வருடமும் உண்டு. வரிக் கணக்குத் தாக்கல் செய்யும் கெடுவுக்குள் அது முடியாவிட்டால், அந்தத் தொகையை வங்கியில் மூலதன ஆதாயக் கணக்கு திறந்து போட்டுவைக்க வேண்டும்.